‘இன்விக்டஸ்’ படமும் எங்கள் விளையாட்டு மைதானமும்

(எல்லவில் நடந்த சங்கத்தின் இளைஞர், மாதர் கூட்டத்தில் படம் காட்டி முடிந்த பிறகு ஆற்றிய உரை. வர முடியாத டிவிஷன்காரர்கள் கேட்டதால் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



மணி எட்டைத் தாண்டிவிட்டது. காலையில் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டியவர்கள்தான் இங்கே அதிகம் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசுவோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சங்கக் கூட்டத்தில் யார் சுருக்கமாகப் பேசியிருக்கிறார்கள்? ஆனாலும் இன்றைக்குக் கடைசியில் நாம் எல்லோரும் கைதூக்கி எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. அதனால் யாரும் எழுந்து போகாமல் இருங்கள். தேத்தண்ணீர் வருகிறது.

நீங்கள் பார்த்தது 2009இல் வந்த ஆங்கிலப் படம். கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்தது. மண்டேலாவாக நடித்தவர் மோர்கன் ஃப்ரீமன், றக்பி அணித்தலைவர் ஃபிரான்சுவா பியனாராக நடித்தவர் மற் டேமன். இடையிடையே நிறுத்தி எங்கள் தம்பி தமிழில் கதை சொன்னபோது பின்வரிசையில் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. ஆனால் முதல் காட்சியில் யாருமே வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா? தெருவுக்கு ஒரு பக்கம் பச்சைப்புல் மைதானம், நல்ல உடுப்புப் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் றக்பி ஆடுகிறார்கள். மறுபக்கம் கம்பி வேலிக்குப் பின்னால் புழுதியில் கறுப்புப் பிள்ளைகள் உதைபந்து ஆடுகிறார்கள். நடுத்தெருவில் 27 வருடம் சிறையில் இருந்த மனிதரின் கார் போகிறது. 1990 பெப்ரவரி 11. ஒரு பக்கம் பிள்ளைகள் வேலியில் ஏறிக் கத்துகிறார்கள். மறுபக்கத்தில் பயிற்சியாளர், நாடு நாசமாகப் போகிறது என்கிற மாதிரிப் பேசுகிறார். வசனம் புரியாதவர்களுக்கும் அந்தத் தெரு புரிந்தது. துரை பங்களாவின் புல்தரையையும் லயத்து வாசலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

கதையை ஒரு தரம் சொல்லிவிடுவோம். 1994இல் மண்டேலா ஜனாதிபதி ஆனார். அந்த நாட்டின் றக்பி அணிக்கு ‘ஸ்பிரிங்பொக்’ என்று பெயர். வெள்ளையர்களுக்கு அது உயிர். கறுப்பு மக்களுக்கோ அந்தப் பச்சைச் சட்டை, தங்களை நாயாக நடத்திய ஆட்சியின் சட்டை. ரொபன் தீவுச் சிறையில் இருந்தபோது கைதிகள் எப்போதும் ஸ்பிரிங்பொக்கின் எதிரணிக்குத்தான் கைதட்டினார்கள். ஆட்சி கைமாறியதும், அந்தப் பெயரையும் சின்னத்தையும் ஒழித்துவிட வேண்டும் என்று கறுப்பு மக்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. மண்டேலா அவர்கள் கூட்டத்துக்கே நேராகப் போய், வேண்டாம் என்கிறார். நாங்கள் திரும்பிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்ட காட்சி அதுதான். கடைசி ஆட்டத்தைவிட அந்தக் காட்சி பெரிது என்பது எங்கள் கருத்து.

ஏன் என்றால், எதிரியிடம் நல்லவராகப் பேசுவது தலைவர்களுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. கைகுலுக்கலாம், படம் எடுக்கலாம், பேப்பரில் போடலாம். தன் சொந்தச் சனத்தின் முன்னால் நின்று, அவர்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்வதுதான் கஷ்டம். அடுத்த தேர்தலில் போட வேண்டியது அவர்கள் வோட்டு. சந்தா கட்டுவதும் அவர்கள்தான். சங்கத்தில் இருக்கிற நாங்களே இதைச் சொல்கிறோம் என்றால், தெரிந்துதான் சொல்கிறோம்.

1995 ஜூன் 24, ஜொஹானஸ்பர்க், எல்லிஸ் பார்க். நியூசிலாந்துடன் இறுதியாட்டம். மண்டேலா பியனாரின் 6ஆம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வருகிறார். கூட்டத்தில் பெரும்பாலும் வெள்ளையர்கள், அவர்கள் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்கிறார்கள். மேலதிக நேரத்தில் ஜொயெல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த உதையில் 15க்கு 12 என்று தென்னாபிரிக்கா வெல்கிறது. அந்த அணியில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். படம் அங்கே முடிகிறது. (ஒரு சின்ன விஷயம்: படத்தில் மண்டேலா பியனாருக்கு ஒரு கவிதை கொடுக்கிறார், படத்தின் பெயரும் அந்தக் கவிதையின் பெயர்தான். நிஜத்தில் அவர் கொடுத்தது அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் பேச்சில் இருந்து ஒரு பகுதி. சினிமாக்காரர்கள் இப்படிக் கொஞ்சம் மாற்றுவார்கள். அதில் தப்பில்லை.)

ஆனால் படம் சொல்லாமல் விட்டது சின்ன விஷயம் இல்லை. ஸ்பிரிங்பொக் அணியை மண்டேலா மன்னித்தார் என்று பார்த்தோம். அதற்கு முன்னால் பல வருடங்கள் உலகம் முழுக்க மக்கள் போராடி அந்த அணியை வெளியே ஆட விடாமல் தடுத்திருந்தார்கள். நாட்டுக்குள்ளே தொழிற்சங்கங்கள் சுரங்கத்தையும் துறைமுகத்தையும் நிறுத்தின. 1985இல் கொசாட்டு என்ற பெரிய தொழிற்சங்கச் சம்மேளனம் உருவானது. 1987இல் இலட்சக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் மூன்று கிழமை வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தை நடத்திய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் பெயர் சிரில் ரமபோசா. இதெல்லாம் நடந்த பிறகுதான் மன்னிப்புக்கு ஒரு மதிப்பு வந்தது. கையில் ஒன்றும் இல்லாதவன் மன்னிக்கிறேன் என்றால் யார் காதில் விழும்? பலம் இருந்தது. இருந்தும் பழிவாங்கவில்லை. அங்கேதான் மண்டேலாவின் பெருமை இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். 2012 ஆகஸ்ட் 16, மரிகானா என்ற இடம், பிளாட்டினம் சுரங்கம். மாதச் சம்பளம் 12,500 ரான்ட் வேண்டும் என்று கேட்டு வேலையை நிறுத்தியிருந்த தொழிலாளர்களில் 34 பேரைப் பொலிஸ் அன்றைக்கு ஒரே நாளில் சுட்டுக் கொன்றது. கறுப்பு மக்களின் ஆட்சி, கறுப்புப் பொலிஸ்காரர்களும் சுட்டவர்களில் இருந்தார்கள். அந்தச் சுரங்கக் கம்பனியின் பணிப்பாளர்களில் ஒருவராக அப்போது இருந்தவர், 1987இல் வேலைநிறுத்தம் நடத்திய அதே ரமபோசா. விசாரணைக் குழு அவர்மீது குற்றம் காணவில்லை. பின்னாளில் ஜனாதிபதியும் ஆனார். நாங்கள் யாரையும் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. சம்பளம் கேட்டவன் செத்தான் என்பதைத்தான் சொல்கிறோம். முல்லோயா கோவிந்தனை 1940இல் சுட்டார்கள். காணியைக் காப்பாற்றப் போன சிவனு லட்சுமணனை 1977இல் டெவன் தோட்டத்தில் சுட்டார்கள். கிண்ணம் ஜெயித்த நாட்டிலும் அதுதான் நடந்தது. எல்லிஸ் பார்க்கில் கட்டிப்பிடித்து அழுத சனத்துக்குக் காணியும் சம்பளமும் அந்த ஒரு நாளில் வந்துவிடவில்லை.

அதற்காக அந்த ஒரு நாள் பொய் என்றும் சொல்ல மாட்டோம். 2019இல் யோகோஹாமாவில் அதே ஸ்பிரிங்பொக் அணி உலகக் கிண்ணத்தை மறுபடி தூக்கியபோது தலைவராக நின்றவர் சியா கொலிசி, ஏழைக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்த கறுப்புப் பிள்ளை. அவர் போட்டிருந்ததும் 6ஆம் இலக்கச் சட்டை. 1995இல் அந்தப் பெயரை ஒழித்திருந்தால் அவர் எந்தச் சட்டையைப் போட்டிருப்பார் என்று யோசிக்க வைக்கிறது.

சரி, தென்னாபிரிக்கா தூரம். நம்ம நாட்டுக்கு வருவோம்.

இங்கே இருக்கிற பிள்ளைகள் பலர் ‘800’ படம் பார்த்திருப்பீர்கள். முரளியின் கதை. எம். எஸ். ஸ்ரீபதி எடுத்தது, 2023 ஒக்டோபரில் வந்தது. முரளியாக நடித்தவர் மதுர் மிட்டல். முதலில் விஜய் சேதுபதி நடிக்க இருந்தார். முரளி அரசியல் பற்றிச் சொன்ன சில வார்த்தைகள் வடக்கு கிழக்கிலும் தமிழ்நாட்டிலும் பலரைப் புண்படுத்தியதால் எதிர்ப்பு வந்தது, 2020இல் அவர் விலகினார். வீடும் பிள்ளையும் இழந்தவர்களுக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். நாங்கள் அதை மதிக்கிறோம். படமும் பிற்பாதியில் கொஞ்சம் இழுவை. ஆனால் அதில் நமக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முரளியின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் மகள்மாரோடு திருச்சிக்கே திரும்பிப் போய்விட்டார், மகன்மார் இங்கே தங்கினார்கள். குடும்பம் இப்படி இரண்டாகப் பிரிந்த கதை இங்கே எந்தக் காம்பராவில் இல்லை? முரளியின் அப்பா கண்டியில் பிஸ்கட் தொழில் செய்தார். ஆகவே முரளி லயத்துப் பிள்ளை என்று சொன்னால் பொய். வசதியான வீட்டுப் பிள்ளை, கட்டுகஸ்தொட்ட புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனைச் சுழற்பந்து போடச் சொன்னவர் சுனில் பெர்னாண்டோ என்ற சிங்களப் பயிற்சியாளர். அந்த ஒரு யோசனை இல்லாவிட்டால் 800 விக்கெட்டும் இல்லை.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். அவுஸ்திரேலிய நடுவர் டரல் ஹெயர், முரளி பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவருக்குள் 7 தரம் ‘நோ போல்’ சொன்னார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. 23 வயதுப் பையன். அணியில் இருக்கிற ஒரே தமிழன். அப்போது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க என்ன செய்திருக்கலாம்? பந்தை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்து, இந்தப் பையனை இனி எடுக்க வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஊரில் யுத்தம் நடக்கிறது, ஒரு தமிழன் அணியை விட்டுப் போனால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அவர் வெளியே போய் ஆலோசித்துவிட்டு வந்து, முரளியை மறுமுனையில் இருந்து பந்துவீசச் சொன்னார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்தையும் குறை சொல்லவில்லை. ஒரே கை, ஒரே பந்து, ஒரே மைதானம். முனை மாறியதும் தீர்ப்பும் மாறிவிட்டது. தொழில் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களுக்கு இது புதுசா?

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசாக நீட்ட முடியாதது. அதைச் சோதனைக்கூடத்தில் அளந்து காட்டினார்கள். அதற்குப் பிறகும் விடவில்லை. 1999 ஜனவரி 23, அடிலெய்டில் இங்கிலாந்துடன் ஒருநாள் ஆட்டம். நடுவர் ரொஸ் எமர்சன் மறுபடி ‘நோ போல்’ சொன்னார். ரணதுங்க விரல் நீட்டி வாதாடினார். பிறகு மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை நடந்தார். ஆட்டம் நின்றது. பதினொரு பேரும் அங்கே நின்றார்கள். ஒருவனைத் தொட்டால் பதினொரு பேரும் வேலையை நிறுத்துவோம் என்று சொன்ன மாதிரி. வேலைநிறுத்தம் என்றால் அதுதானே? பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்து 302 ஓட்டம். மஹேல ஜயவர்தன 120 அடித்தார். இலங்கை ஒரே ஒரு விக்கெட் மிச்சம் வைத்து வென்றது. ரணதுங்கவுக்கு அபராதமும், ஒத்திவைத்த தடையும் கிடைத்தன. கட்டுப்பாடு மீறியவர் என்று வெளிநாட்டுப் பேப்பர்கள் எழுதின. எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் முரளியை உதாரணம் காட்டுவார்கள். பாருங்கள், ஒரு தமிழன் எவ்வளவு உயர்ந்துவிட்டான் என்பார்கள். நாங்கள் பார்ப்பது ரணதுங்கவை. பெரும்பான்மையில் பிறந்த ஒருவர், சிறுபான்மையில் பிறந்த ஒருவருக்காகத் தன் பதவியைப் பணயம் வைத்தார். அதிலும் யாரும் கேட்காமல், செய்ய வேண்டிய நேரத்தில் செய்தார். அவருடைய பிற்கால அரசியல் வேறு கதை. இங்கே பேச வேண்டியதில்லை.

நடுவில் 1996 வந்து போனது. ஜனவரி 31 கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு ஆட வர மாட்டோம் என்று புள்ளிகளை விட்டுக்கொடுத்தன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும், ஒன்றோடு ஒன்று மூன்று யுத்தம் செய்த நாடுகள், ஒரே அணியாகச் சேர்ந்து வந்து கொழும்பில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்கள். இதையும் யாராவது படம் எடுத்தால் பார்ப்போம். மார்ச் 17 லாகூரில் அவுஸ்திரேலியா 241, இலங்கை மூன்றே விக்கெட்டை இழந்து 245. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அன்றைக்கு இரவு எங்கள் தோட்டத்தில் ஒரு டிவி இருந்த வீட்டில் லயத்துச் சனம் முழுக்க நின்றது. வெடி போட்டார்கள். பக்கத்துக் கிராமத்தில் இருந்தும் வெடிச்சத்தம் வந்தது. மலைக்கு இரண்டு பக்கத்தில் இருந்தும் ஒரே காரணத்துக்கு வெடி போட்டது அந்தத் தரம்தான் எங்களுக்கு ஞாபகம்.

ஆனால் அந்த வெடிச்சத்தத்தோடு இதையும் சேர்த்து ஞாபகம் வையுங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. முரளி 1992இல் இலங்கைக்கு ஆட ஆரம்பித்தார், 1996இல் கிண்ணம் வென்றார். இந்திய வம்சாவளியினரில் நாடற்றவர்களாகவே மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் வந்தது எப்போது? 2003இல், 35ஆம் இலக்கச் சட்டம். அதாவது முரளியின் கையில் உலகக் கிண்ணம் இருந்த அதே நேரத்தில், முரளியின் தாத்தாவோடு கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் கையில் அடையாள அட்டைகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஷ்டமான பேச்சுத்தான். 1983 ஜூலை 27 பதுளை டவுன் எரிந்தது. பெரியவர்களுக்குத் தெரியும். 2000 ஒக்டோபர் 25 பண்டாரவளைப் பக்கம் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸ் அங்கேயே நின்றது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களையும் பிறகு உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அந்த வழியாக நாம் எல்லோரும் பஸ்ஸில் போகிறோம், வருகிறோம். தென்னாபிரிக்காவில் உண்மையைச் சொல்ல வைக்கிற ஆணைக்குழு ஒன்றாவது 1996இல் உட்கார்ந்தது, பேராயர் டுட்டு தலைமையில். செய்தவன் வந்து வாயால் சொன்னான், பெற்றவள் உட்கார்ந்து கேட்டாள். போதாது என்று அங்கேயும் சொல்கிறார்கள். இங்கே அந்த அளவுகூட நடக்கவில்லை. ஆகவே ஒரு மெட்ச் ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படிச் சொன்னால் அந்தத் தாய்மார் முகத்தில் எப்படி முழிப்பது?

அதேபோல் 83இல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை வீட்டுப் பரணில் ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்களையும் மறைக்க முடியாது. 1948இல் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் கைதூக்கிய என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா போன்றவர்களையும் மறக்க முடியாது. இரண்டும் சேர்ந்ததுதான் நமது கணக்கு.

இனி நம்ம மைதானத்து விஷயம்.

கடந்த போயா அன்று கிராமத்துப் பையன்களோடு நடந்த சொப்ட்போல் ஆட்டம் எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ‘ரன் அவுட்’. அவுட் என்று ஒருவன், இல்லை என்று ஒருவன். அதோடு நின்றிருக்கும். அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு பையன் “இந்தியாவுக்குப் போங்கடா” என்றான். இந்தப் பக்கத்தில் இருந்து ஒருவன் துடுப்பைத் தூக்கினான். இரண்டு பேருக்குத் தலையில் தையல். பொலிசுக்குப் போய், இரண்டு பக்கத்து அப்பாமாரும் பேசி முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார்கள். அதிலிருந்து மைதானம் காலி. இந்தப் பக்கத்துப் பையன் அங்கே போனால் அந்தப் பக்கத்தான் வருவதில்லை, அவன் வந்தால் இவன் வருவதில்லை.

இதற்கிடையில் மைதானத்தின் நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய முளை அடித்துவிட்டார்கள். யாரோ அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரருக்குக் கூடாரம் போடுவதற்குக் குத்தகைக்குப் போகப் போகிறது என்று பேச்சு. நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டோம். பதில் வரவில்லை. எல்லவில் இன்றைக்கு ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். பந்து உருள்கிற அளவுக்குச் சமதரை இந்த மலையில் எத்தனை இருக்கிறது? பிள்ளைகள் ஓடியாட, தீமிதி, திருவிழாவுக்கு, மண்சரிவு பயத்தில் லயத்தை விட்டு இறங்க வேண்டி வந்தால் நிற்க, நமக்கு இருப்பது அது ஒன்றுதான். மீரியபெத்தை 2014இல் எப்படிப் புதைந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். சமதரையின் அருமை நமக்குத் தெரியாதா?

அந்த மைதானத்தைப் பாவிக்கிறது நாம் மட்டும் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வேறு இடம் இல்லை. நாம் தனியாகப் போய்ப் பிரதேச சபையில் மனுக் கொடுத்தால் அது தோட்டத்துப் பிரச்சினை, சங்கத்துப் பிரச்சினை என்று மூலையில் போடுவார்கள். அவர்கள் தனியாகப் போனால், அது தோட்டத்துக் காணி, உங்களுக்கு என்ன உரிமை என்பார்கள். இரண்டு பேரும் ஒரே கடதாசியில் கையெழுத்து வைத்தால் யாருக்கும் தட்டிக்கழிப்பது சுலபமில்லை.

போன கிழமை அவர்களுடைய அணித்தலைவர் பையன் எங்களைப் பார்க்க வந்தான். எல்ல டவுனில் ஹோட்டல் வேலை செய்கிறவன். நம்ம பையன் ஒருவனோடு ஒரே சமையலறையில் நிற்கிறவன். மறுபடி ஆடலாமா என்று கேட்டான். முளையையும் அவன் பார்த்திருக்கிறான். வார்த்தையை விட்ட பையனைக் கூட்டிக்கொண்டு வருவாயா என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றான். “எக்கன் என்னங்” என்றான். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று. அவன் ரணதுங்கவும் இல்லை, மண்டேலாவும் இல்லை, 22 வயதுப் பையன். ஆனால் தன் கூட்டாளியிடம் போய் அதைச் சொல்ல வேண்டுமே, அது அவனுக்கு லேசாக இருக்காது.

நம்ம இளைஞர் அணியில் பலர் முடியாது என்கிறீர்கள். தையல் போட்ட பிள்ளையின் அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார். அக்கா, உங்களைச் சமாதானப்படுத்த இந்தப் படத்தைப் போட்டோம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு முன்னால் அந்தப் பையன் வந்து மன்னிப்புக் கேட்காமல் டொஸ் போடுவது இல்லை என்று நாங்கள் அவனிடம் சொல்லிவிட்டோம். துடுப்பைத் தூக்கியவனும் அதே இடத்தில் அதையே செய்வான் என்றும் சொன்னோம். அவன் அப்பா இங்கே இருக்கிறார், சம்மதித்திருக்கிறார்.

இப்போது தீர்மானம். எழுதியிருப்பதை வாசிக்கிறோம், கேட்டுவிட்டுக் கைதூக்குங்கள். வரும் மாதம் முதலாம் ஞாயிற்றுக்கிழமை, சம்பள நாளுக்குப் பிறகு, ஆட்டம். இரண்டு அணியும் தோட்டம் வேறு கிராமம் வேறு என்று பிரியாது. பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுத்து இரண்டாகப் பிரிப்போம். நடுவர் இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவர், ஒவ்வொரு ஓவருக்கும் முனை மாறி நிற்பார்கள். (மெல்பர்ன் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா.) பெண் பிள்ளைகளின் கரப்பந்தாட்டம் காலையில், முதலில். போன தரம் மாதிரி அவர்களைக் கடைசியில் தள்ளி இருட்டிய பிறகு விடக் கூடாது என்று தலைவி சொல்லியிருக்கிறார். தவறணைப் பக்கம் போய்விட்டு வருகிறவனுக்கு அன்றைக்கு மைதானத்தில் இடம் இல்லை.

மனு தமிழிலும் சிங்களத்திலும் எழுதியாகிவிட்டது. எல்ல பிரதேச சபைக்கு ஒன்று, பிரதேச செயலாளருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று. அன்றைக்கு மைதானத்தின் நடுவில் மேசை போட்டு வைப்போம். ஆட வருகிறவர்கள், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டும், ஆகவே அட்டையைக் கொண்டு வாருங்கள். முளையை யாரும் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் வழக்கு நம்மேல் வரும்.

சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். எண்ணுகிற தம்பி, பின்வரிசையையும் சரியாகப் பார். சம்மதிக்காதவர்களும் தூக்குங்கள், வெட்கப்பட வேண்டாம், அதையும் எழுதிக்கொள்வோம்.

(கூட்டத்தில் 112 பேர் சம்மதம், 31 பேர் மறுப்பு. ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தத்தமது டிவிஷன் தலைவரிடமோ தலைவியிடமோ இந்த மாதம் 25ஆம் திகதிக்கு முன் கொடுக்கவும். சொப்ட்போல் பந்துகளுக்கும் தேத்தண்ணீருக்கும் சங்க நிதியில் இருந்து செலவழிக்கப்படும். கணக்கு அடுத்த இதழில்.)